தொட்டியில் மீன் இல்லை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து கிளம்பியது. பொய் சொன்னவள் என் தங்கை. வண்ணமீன் கடையில் ஒரு காற்று மோட்டாரும், தண்ணீரைச் சூடாக்கும் கண்ணாடிக் குழாய் ஹீட்டரும் வாங்கிக்கொண்டு நின்றவளிடம் கடைக்காரர், "எத்தனை மீன் வளக்குறீங்க மேடம்?" என்று கேட்டிருக்கிறார். அவள் கண்ணைக்கூட இமைக்காமல், "ஏழு" என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் வீட்டில் ஒரு மீன்கூடக் கிடையாது. அவள் கட்டிக்கொண்டிருந்த தொட்டியில் மீனை விட்டால் அது ஒரு நிமிஷம் தாங்காது. அது செம்பைத் தின்னும் திரவத்துக்கான தொட்டி.

வீட்டுக்கு வந்து அவள் இதைச் சொன்னபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். "ஏன்டி ஏழு?" என்றேன். "ஒண்ணுன்னா பாவமா இருக்கும். பத்துன்னா அளக்கற மாதிரி இருக்கும். ஏழுன்னா நம்புவாங்க" என்றாள். நான் பதினைந்து வருடமாகக் கதை எழுதுகிறவள். படிக்கிறவர் நம்பும்படி ஒரு எண்ணைக் கண்டுபிடிக்க எத்தனையோ காகிதம் கிழித்திருக்கிறேன். அவளுக்கு அது கடை வாசலில் நின்றபடியே வந்துவிட்டது. அந்தப் பொறாமையில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

[பொறாமை மட்டும் இல்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. அது மூன்றாம் பகுதியில் வரும், நான் அதை அடிக்காமல் விட்டால்.]

2

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"அந்தத் தொட்டி ஒரு அடி உயரம், முக்கால் அடி அகலம், ஆனால் உள்ளே நான்கு விரல் இடம்தான்." அளவெல்லாம் சரி. ஆனால் தச்சரிடம் கொடுத்தனுப்பும் சீட்டு மாதிரி இருக்கிறது.

"செம்பு கரைய இருபது நிமிஷம் ஆகும்; ஒரு மனுஷி கரைய—" வேண்டாம். இந்த மாதிரி வாக்கியங்கள் எனக்குச் சுலபமாக வரும். அதனாலேயே அவற்றை நான் நம்புவதில்லை.

"அக்காவின் நாற்காலி நின்றுபோய் நாற்பது நாளாகியிருந்தது." இது உண்மை. இதிலிருந்து போகலாம்.

அந்த அக்கா நான்தான். இருந்தாலும் கதைக்குள் 'அக்கா' என்றே எழுதப்போகிறேன். கதை தங்கையுடையது. அவள் மனசுக்குள் நுழைந்து நான் எழுதுகிறவை பாதி அவள் சொன்னவை, பாதி நானாகப் போட்டுக்கொண்டவை.

அக்காவின் நாற்காலி மின்சாரத்தில் ஓடுவது. வலது கைப்பிடியில் ஒரு சின்னப் பெட்டி. பெட்டியின் மேல் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு குச்சி. எந்தப் பக்கம் சாய்த்தாலும் நாற்காலி அந்தப் பக்கம் போகும். ஒருநாள் காலையில் அது அறைவாசலில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றுவிட்டது. தங்கை பெட்டியைத் திறந்தாள். உள்ளே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பலகை, சர்க்யூட் போர்டு. அதன்மேல் ஓடும் செம்புத் தடங்களில் களிம்பேறி, ஒரு ஓரம் முழுக்க அரித்துப்போயிருந்தது. நாற்காலி செய்த கம்பெனிக்குப் போன் போட்டாள். அந்த மாடலை நிறுத்தி ஆறு வருடமாகிவிட்டதாம். "புதுசா ஒண்ணு வாங்கிடுங்களேன்" என்றது அந்தக் குரல், கத்தரிக்கோல் வாங்கச் சொல்வதுபோல.

அக்காவுக்கு அப்போதுதான் நான்கு தெரு தள்ளியிருந்த நூலகத்தில் வேலை கிடைத்திருந்தது. பழைய புத்தகங்களின் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்தது. சேர வேண்டிய திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"நான் தள்ளிக்கிட்டுப் போறேன். பழைய நாற்காலிதான் பரண்ல இருக்கே" என்றாள் தங்கை.

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்? பத்து நிமிஷ நடை."

"மொத நாளே என்னை ஒருத்தி தள்ளிக்கிட்டு வந்து நிறுத்தினா, அப்புறம் எல்லாத்தையும் எங்கிட்ட கேக்க மாட்டாங்க, உங்கிட்டதான் கேப்பாங்க. 'உங்க அக்காவுக்கு டீ வேணுமா'ன்னு. நானா போனா போறேன். இல்லன்னா அந்த வேலைக் கடிதத்தத் திருப்பி அனுப்பிடு."

அக்காவின் பிடிவாதத்தைப் பற்றி இங்கே ஒரு பத்தி எழுதலாம். எழுதவில்லை. அதைப் பாராட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

அன்று மாலை வரைக்கும் தங்கை அந்தப் பச்சைப் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "போர்ட நானே போடறேன்" என்றாள்.

அவள் சொன்னதில் அவளுக்கே பாதி நம்பிக்கைதான் இருந்திருக்கும். போர்டு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடம் பரிசோதகராக இருந்தவள் அவள். பெரிய இயந்திரங்கள் போர்டுகளைத் துப்பும். இவள் லென்ஸ் வழியே பார்த்துத் தேறியது, தேறாதது என்று பிரிப்பாள். தொழிற்சாலையைப் போன வருடம் மூடிவிட்டார்கள். "மத்தவங்க செஞ்சதுல குத்தம் கண்டுபிடிச்சே சம்பளம் வாங்கினவ நான். சொந்தமா ஒண்ணுகூடச் செஞ்சதில்ல" என்று அவள் சொல்வதுண்டு. அதைச் சொல்லும்போது சிரிப்பாள். சிரிப்பு முடிந்தபிறகும் வாய் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும்.

செய்முறை இதுதான். ஒரு பக்கம் முழுக்கச் செம்பு பூசிய தகடு ஒன்று. எந்தெந்தத் தடம் வேண்டுமோ அதை அழியாத கறுப்பு மைப் பேனாவால் வரைய வேண்டும். பிறகு தகட்டைத் திரவத்தில் தொங்கவிட வேண்டும். மை மூடியிருக்கும் செம்பு தப்பிக்கும். மூடாததெல்லாம் கரைந்துபோகும். திரவம் இளஞ்சூடாகவும், அடியிலிருந்து காற்றுக் குமிழ்கள் ஓயாமல் வந்துகொண்டும் இருந்தால் எல்லா இடமும் ஒரே மாதிரி கரையும். தட்டில் ஊற்றிக் கையால் ஆட்டிக்கொண்டிருந்தால் ஒரு பக்கம் தின்றுவிடும், இன்னொரு பக்கம் விட்டுவிடும். அதற்குத்தான் தொட்டி.

துணி துவைக்கும் அறையின் மேடையில் தொட்டி எழும்பியது. அக்ரிலிக் தகடுகளை அறுத்து, ஓரங்களை உப்புத்தாளில் தேய்த்து, சிலிகான் பசையால் ஒட்டினாள். தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். விடிந்ததும் மேடையில் ஒரு சின்னக் குளம். பசையை உரித்தாள், வேறு பசை வாங்கினாள், மறுபடி ஒட்டினாள், மறுபடி குளம். மூன்றாவது முறை தொட்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தாள். காலையில் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு அக்காவின் கட்டிலுக்கு ஓடிவந்தாள்.

"தொட்டுப் பாரு!"

"என்னடி இது, பழைய பேப்பர்?"

"காஞ்ச பேப்பர்!"

[இந்த இடத்தில், மூடியது மிஞ்சும், மூடாதது கரையும் என்பதை எழுத்தோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவளுக்குப் படித்துக் காட்டினேன். "நீ தப்பா எழுதினா நைட்டி கறையாகுமா? ஆகாதுல்ல? அப்ப ரெண்டும் ஒண்ணு கிடையாது" என்றாள். பத்தியை எடுத்துவிட்டேன்.]

3

அக்கா டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை.

இந்த வரிக்கு அடுத்த வரியை எழுத எனக்கு ஐந்து நாளானது.

நாற்காலி நின்ற மூன்றாம் நாள், அதன் பின்சக்கரத்தில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. சக்கரத்திலிருந்து கைப்பிடிக்கு, கைப்பிடியிலிருந்து பெட்டிக்கு. ஒழுங்கான ஒற்றை வரிசை. தங்கை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே, "மழை வரப்போகுது போல" என்றாள். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

இந்த வீட்டில் இரண்டு பேர். ஒருத்திக்குச் சர்க்கரை கிடையாது. இன்னொருத்திக்கு மூன்று ஸ்பூன்.

கொஞ்சம் பின்னால் போனால், நாற்காலி நிற்பதற்கு இரண்டு நாள் முன்னால், குளியலறையிலிருந்து அக்காவைக் கட்டிலுக்குத் தூக்க வேண்டியிருந்தது. தங்கை கையில் டீ டம்ளர். எங்கோ வைத்துவிட்டு வந்து, இரண்டு கையாலும் அக்காவைத் தூக்கிப் படுக்க வைத்தாள். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பின்னால் டம்ளர் கவிழும் சத்தம்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல."

ஆக, அவள் டம்ளரை அந்தப் பெட்டியின் மேல் வைத்தது என்னைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால்தான்.

['அக்கா' என்று எழுத வேண்டிய இடத்தில் 'என்னை' என்று எழுதிவிட்டேன். திருத்தவில்லை.]

எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. நான் ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒரு நல்ல காரணம் வைத்திருக்கிறேன். சொல்லிவிட்டால் அவள் கட்டுகிற தொட்டி அபராதமாகிவிடும். சொல்லாமல் இருந்தால் அது அவள் எனக்குச் செய்வதாகவே இருக்கும். இந்தக் காரணத்தை யாரிடம் சொன்னாலும் தலையாட்டுவார்கள்.

நல்லதல்லாத காரணமும் ஒன்று உண்டு. குளிப்பதிலிருந்து படுப்பது வரை எல்லாவற்றுக்கும் அவள் கையை எதிர்பார்த்திருக்கிற எனக்கு, அவளைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது இதமாக இருந்தது. மடியில் பூனையை வைத்துத் தடவிக்கொண்டிருப்பதுபோல. நாற்பது நாள் தடவியிருக்கிறேன்.

4

எழுத எழுத ஒவ்வொரு பகுதியையும் தங்கைக்குப் படித்துக் காட்டிவந்தேன். மூன்றாம் பகுதியை மட்டும் மற்ற காகிதங்களுக்கு அடியில் செருகிவிட்டேன்.

"ரெண்டுக்கு அப்புறம் நாலா?" என்றாள்.

"எண் போட்டதுல தப்பு."

அவள் என் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். பதினோரு வருடம் லென்ஸ் வழியே பார்த்த பார்வை. பிறகு, "சரி, படி" என்றாள்.

புதன்கிழமை காலை பதினொரு மணி. அரித்துப்போன மூலையில் எந்தத் தடம் எங்கே போனது என்று நான்கு நாள் உட்கார்ந்து ஊகித்து, இருபத்திரண்டு தடங்களையும் வரைந்து முடித்து, முதல் தகட்டைத் தொட்டியில் தொங்கவிட்டிருந்தாள் தங்கை. துருப்பிடித்த நிறத்தில் திரவம். குமிழ்கள் ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தன. காற்றுக் குழாயைத் தொட்டியின் வாய் வழியாக விட்டால் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று, அடியில் ஒரு ஓட்டை போட்டு அதன் வழியாக உள்ளே நுழைத்திருந்தாள். மோட்டார் கீழே தரையில் இருந்தது. நேர்த்தியான வேலை. தள்ளி நின்று பார்த்துத் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டாள்.

மீன் கடைக்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார்: "மோட்டார எப்பவும் தொட்டிய விட உயரத்துல வைங்க மேடம்." அவளும், "சரிங்க" என்றாள். மீன் வளர்ப்பவர்களுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். தன்னிடம்தான் மீன் இல்லையே.

கரண்ட் போனது. குமிழ் நின்றது. வந்தால் மறுபடி ஓடும் என்று காத்திருந்தவளுக்குக் காலடியில் ஏதோ ஈரம் பட்டது. காற்று வந்துகொண்டிருந்த குழாயில் இப்போது திரவம் இறங்கி, மோட்டாரின் வயிற்றில் புகுந்து, அதன் எல்லா ஓட்டைகள் வழியாகவும் தரையில் வழிந்துகொண்டிருந்தது. குழாயை மடக்கிப் பிடிப்பதற்குள் முக்கால் தொட்டி காலி. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. திரவத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டிய ஹீட்டர் வெறுங்காற்றில் சூடேறி, 'டிக்' என்று விரிசல் விட்டது.

உள்ளேயிருந்து அக்கா, "என்னடி சத்தம்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

சுவிட்சை அணைத்தாள். தரையெல்லாம் சோடா உப்பைக் கொட்டினாள். அது நுரைத்து அடங்கும்வரை கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அழுதாளா என்று நான் கேட்டேன். "கையுறை போட்டுக்கிட்டு எப்படி அழறது? கண்ணத் துடைக்க முடியாதே" என்றாள். சாக்கடையில் விடக் கூடாது என்று துடைத்ததையெல்லாம் பிழிந்து ஒரு கேனில் சேர்த்தாள். கறை மட்டும் போகவில்லை. துவைக்கும் அறைத் தரையில் இன்னும் ஒரு பழுப்புத் தீவு இருக்கிறது.

சாயங்காலம் கடைக்குப் போனாள். (இனி வருவதை அவள் இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினாள்.)

"மோட்டாரும் ஹீட்டரும் மறுபடி ஒண்ணு வேணும்."

"என்ன மேடம் ஆச்சு? போன வாரம்தானே வாங்கினீங்க? மீனுங்க?"

"போயிடுச்சு."

"ஏழுமா?"

அவர் முகம் உண்மையாகவே விழுந்துவிட்டது. கல்லாவிலிருந்து எழுந்து வந்து, "தண்ணி எப்ப மாத்தினீங்க? என்ன தீனி போட்டீங்க?" என்று விசாரிக்க ஆரம்பித்தார். அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அண்ணா, மீனே இல்ல."

"அதான் போயிடுச்சுன்னு சொன்னீங்களே."

"இல்லண்ணா. எப்பவுமே இல்ல." தொட்டி, போர்டு, அக்காவின் நாற்காலி, திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொன்னாள். "நீங்க மோட்டார உயரத்துல வைக்கச் சொன்னீங்க. அது மீனுக்குன்னு நெனச்சிட்டேன்."

கடைக்காரர் தன் மீன் தொட்டிகளின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"நான் சொன்னது தண்ணிக்கு மேடம். மீனுக்கு இல்ல."

பிறகு உள்ளே போய், விரல் நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வால்வைக் கொண்டுவந்து வைத்தார். காற்றைப் போக விடும், எதையும் திரும்பி வர விடாது. "இத நடுவுல போடுங்க. போர்டு வேலை செஞ்சா வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. ஏழும் போச்சுன்ன உடனே எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

இப்போது மோட்டார் மேல் அலமாரியில் இருக்கிறது. துவைக்கும் அறைச் சுவரில் தங்கையின் கையெழுத்தில் ஒரு தாள்: கோட்டுக்குக் கீழே மட்டம் இறங்கினால் முதலில் ஹீட்டரை அணை. முடிந்ததும் காற்றுக் குழாயைக் கழுவு, ஓட்டைகளை ஊசியால் குத்து. மூடியை இறுக்காதே. இரும்புச் சாமான் எதையும் இந்த அறையில் வைக்காதே. ஜன்னலைத் திற. ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாத உரைநடை.

5

முடிவுகள்.

அ) நாற்காலி நகரவில்லை. கடிதம் திரும்பிப் போகிறது. இதைப் பத்து வரிகளில், ஒரு அடித்தல்கூட இல்லாமல் எழுதி முடித்தேன். பயத்தில் எழுதும்போது என் கையெழுத்து அழகாக வரும். கிழித்துவிட்டேன்.

ஆ) நாற்காலி ஓடுகிறது. ஆனால் இடது பக்கம் சாய்த்தால் வலது பக்கம் போகிறது. செம்புப் பக்கத்திலிருந்து பார்த்து வரைய வேண்டியதை மறுபக்கத்திலிருந்து பார்த்து வரைந்துவிட்டதால் எல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி மாறிவிட்டது. திங்கட்கிழமை அக்கா நான்கு தெருவையும் மாற்றி மாற்றித் திருப்பியபடியே கடந்து, நூலகத்துக்குப் பதிலாகப் பக்கத்து முடிதிருத்தும் கடைக்குள் நுழைகிறாள்.

[தங்கை இந்த இடத்தில் பேனாவைப் பிடுங்கி ஓரத்தில் எழுதியது: "அந்தத் தப்ப நான் செய்ய மாட்டேன். தொழிற்சாலையில மொத நாள் சொல்லித் தர்றதே அதுதான். இத எடு." எடுக்கவில்லை. ஆனால் அவள் எழுந்துபோய் இரண்டாவது தகட்டைக் கண்ணாடி முன் பிடித்து ஒருதரம் சரிபார்த்ததை நான் பார்த்தேன்.]

இ) ஞாயிற்றுக்கிழமை மீன் கடைக்காரர் பிளாஸ்டிக் பையில் இரண்டு மீன்களோடு வருகிறார். இதற்கும் தங்கையிடம் ஆட்சேபம் இருந்தது. "அந்தத் தொட்டிய எத்தனை தடவை கழுவினாலும் இனிமே மீன் வாழாது." சற்றுப் பொறுத்து அவளே, "வேற ஒண்ணு கட்டலாம். இப்பதான் கட்டத் தெரியுமே" என்றாள்.

மூன்றிலும் நான் தாண்டிப்போனது ஒன்றையேதான். நாற்காலி ஓடினாலும் ஓடாவிட்டாலும் பெட்டிக்குள் அந்த மூன்று ஸ்பூன் சர்க்கரை இருக்கும்.

6

இன்று சனிக்கிழமை, மணி மூன்றரை. இந்தப் பகுதியை நடக்க நடக்க எழுதுகிறேன். நான் மேசை முன் சாதாரண நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். என் நாற்காலி, பெட்டி திறந்தபடி, மூலையில் நிற்கிறது. துவைக்கும் அறையிலிருந்து குமிழ்ச் சத்தம் வருகிறது. இரண்டாவது தகடு உள்ளே போய்ப் பதினெட்டு நிமிஷமாகிறது.

காத்திருக்கிற நேரத்தில் மூன்றாம் பகுதியை அடியிலிருந்து எடுத்தேன். அடித்துவிடலாம் என்று மேசையில் கிடந்த பேனாவை எடுத்து, 'அக்கா டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை' என்ற வரியின் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தேன். இழுத்த பிறகுதான் அது என் பேனா இல்லை என்று தெரிந்தது. தடம் வரைகிற அவளுடைய கறுப்புப் பேனா. இந்த மை எதன்மேல் பட்டதோ அதுதான் மிஞ்சும் என்பதை மூன்று வாரமாக இந்த வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கோட்டுக்கு அடியில் எழுத்து நன்றாகவே தெரிகிறது.

குமிழ்ச் சத்தம் நின்றது. தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.

"என்னடி?"

லென்ஸை மேடையில் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னடி, சொல்லு!"

கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். ஒரு கையில் லென்ஸ், இன்னொரு கையில் அந்தச் சின்னத் தகடு. மையைத் துடைத்திருந்தாள். புதுச் செம்பில் இருபத்திரண்டு தடங்கள், ஒன்றோடொன்று ஒட்டாமல், எங்கும் அறுபடாமல்.

"மூணு தடவை பாத்துட்டேன். மூலையில ஒரு எடத்துல லேசா மெலிஞ்சிருக்கு. ஆனா தாங்கும்." குரலைச் சரிசெய்துகொண்டாள். "பாஸ்."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல் ஆயிரக்கணக்கான முறை வந்திருக்கும். தான் செய்ததைப் பார்த்து வந்தது இதுதான் முதல் முறை. இந்த முறை அவள் சிரித்து முடித்ததும் வாய் தன் இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

நாளைக்குத் துளை போட வேண்டும், பற்றவைக்க வேண்டும், பெட்டியை மூட வேண்டும். ஓடுமா என்று எனக்குத் தெரியாது. ஓடும் என்றுதான் நினைக்கிறேன். தண்ணீரைப் பற்றித் தெரிந்தவர் ஒருவரும், குறை கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருத்தியும் சேர்ந்து செய்தது அது.

"இரு, டீ போட்டுக்கிட்டு வரேன்" என்று உள்ளே போனாள்.

இதோ வந்துவிட்டாள். இரண்டு கையிலும் இரண்டு டம்ளர். எங்கே வைப்பது என்று பார்க்கிறாள். மூலையில் நிற்கிற நாற்காலியின் பக்கம் அவள் கண் போகிறது, போன வேகத்தில் திரும்புகிறது. மேசை முழுக்க என் காகிதங்கள்.

"கொஞ்சம் நகத்தேன்க்கா. சுடுது."

நகர்த்தத்தான் வேண்டும். மற்றவற்றை ஒன்றாக அடுக்கி ஓரமாகத் தள்ளிவிட்டு, கறுப்புக் கோடு போட்ட பக்கத்தை மட்டும் மேலே, அவள் பார்க்கும்படி வைக்கிறேன். டம்ளருக்கு இடம் கிடைத்துவிட்டது. எனக்கு எழுத இடம் இல்லை. அவள் குனிந்து டம்ளரை வைக்கிறாள். இனி இந்த அறையில் யார் முதலில் வாயைத் திறக்கிறார்கள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு டம்ளரில் ஒன்றில் மட்டும் மூன்று ஸ்பூன் என்பதை மறக்க வேண்டாம்.